நகமும் சதையும் பகையானால்...

நெருக்கமான உறவைச் சொல்ல நம்மிடம் ஓர் உவமை உண்டு. ‘அவங்க ரெண்டு பேரும் நகமும் சதையும் மாதிரி’ என்போம். பிரிக்கவே முடியாதவர்கள் என்று அர்த்தம். அந்த நகமும் சதையும் கால் கட்டைவிரலில் சண்டை போட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். போர்வை பட்டால் வலிக்கும். பஸ்ஸில் யாராவது தெரியாமல் மிதித்தால் உயிர் போய் உயிர் வரும். காலையில் ஷூ மாட்டும்போது பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆனால், இதற்காக யாரும் லீவு கேட்பதில்லை. ‘கால் நகம் வலிக்குது சார், இன்னிக்கு வரலை’ என்று போனில் சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் சிரிப்பார்கள். பல்வலிக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதிகூட கால் நகத்துக்குக் கிடைக்காது. ‘எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எட்டாவது சாணின் கடைசியில் கிடக்கும் விரலை யார் கவனிக்கிறார்கள்?

என் அம்மா இரண்டு மாதம் அந்த வலியை யாருக்கும் சொல்லாமல் நடந்தார். அவருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செருப்பு கடிச்சிடுச்சு

அம்மாவுக்கு வயது 49. மாம்பலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் வேலை. காலையில் குரோம்பேட்டையில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினால், இரவு வீடு திரும்ப 10 மணி ஆகும். நடுவில் இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நின்றபடிதான். யூனிஃபார்ம் புடவை, தலையில் பூ, காலில் முன்பக்கம் கூம்பிய கறுப்பு கட் ஷூ. அந்த ஷூவும் யூனிஃபார்மில் சேர்த்தி. செருப்பு போட்டு வந்தால் ஃப்ளோர் சூப்பர்வைசர் கேள்வி கேட்பார்.

அம்மா குதிகாலில் அழுத்தி, கட்டைவிரலைத் தூக்கியபடி நடப்பதைப் பார்த்து, “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டேன். “செருப்பு கடிச்சிடுச்சு” என்றார். அடுத்த நாள் கேட்டபோது “கல்லு தட்டிடுச்சு” என்றார். இரண்டு நாளில் இரண்டு காரணம். மூன்றாவது நாள் இரவு, அவர் அசந்து தூங்கும்போது மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். வலது கால் கட்டைவிரலின் உள்பக்க ஓரம் சிவந்து வீங்கியிருந்தது. நகத்தின் மேல் மாதுளை முத்து அளவுக்கு ஒரு சதைத் துணுக்கு ஏறி உட்கார்ந்திருந்தது. நகத்தின் நடுவில் கத்திரித்தது போல ஒரு ‘வி’ வடிவ வெட்டு வேறு.

காலையில் எதிரில் உட்கார வைத்துக் கேட்ட பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

வாரத்தில் அவருக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை மட்டும். வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது. விளக்கு வைத்த பிறகும் வெட்டக் கூடாது. மற்ற நாள்களில் அவர் வீட்டில் இருப்பது விடியற்காலையிலும் விளக்கு வைத்த பிறகும்தான். ஆகவே, சமையலுக்கும் குளியலுக்கும் இடையே கிடைக்கும் ஐந்து நிமிடத்தில், காய்ந்த நகத்தை பிளேடால் அரக்கப் பரக்க வெட்டுவார். ஓரம் குத்தினால் அந்த ஓரத்தை இன்னும் உள்ளே தோண்டி எடுப்பார். தோண்டினால் நான்கு நாள் சுகமாக இருக்குமாம். ஐந்தாவது நாள் முன்பைவிட மோசமாகக் குத்துமாம். கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறார். ‘நகத்தின் நடுவில் வி போல வெட்டினால் ஓரம் தானாக நடுவை நோக்கி வந்துவிடும்.’ அதையும் செய்திருக்கிறார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருக்கிறார். மருதாணி வைத்திருக்கிறார்.

“டாக்டர்கிட்ட போகலாம்னு தோணவே இல்லையாம்மா?”

“இதுக்கெல்லாமா போவாங்க? போடி” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: “உங்க தாத்தாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது.”

தாத்தாவின் விரல்

அம்மாவின் அப்பா, செங்கல்பட்டு பக்கம் விவசாயி. அவருக்கும் சர்க்கரை. கால் விரலில் ஒரு சின்னப் புண். வலி தெரியவில்லை என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விரல் கறுத்துவிட்டிருந்தது. எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் வரப்பில் நடக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று அம்மா சொல்வார்.

அதனால் அம்மா மறைத்தது அலட்சியத்தால் அல்ல. பயத்தால். டாக்டரிடம் போனால் ‘விரலை எடுக்கணும்’ என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அதோடு, ஒரு நாள் போகவில்லை என்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்ற கணக்கு. இந்த இரண்டும் சேர்ந்தால் எப்பேர்ப்பட்ட வலியையும் ஒருவர் ஷூவுக்குள் ஒளித்து வைத்துவிடுவார்.

நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு 2023-ல் சொன்னது. அப்படியென்றால் அம்மாவைப் போலப் பயந்து ஒளிக்கும் கால்கள் எத்தனை வீட்டில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விரலுக்குள் என்ன நடக்கிறது?

அடுத்த நாளே ஒரு ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சை வெளிநோயாளிகள் பிரிவுக்குப் போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஃபுட்பால் ஜெர்ஸி போட்ட ஒரு காலேஜ் பையன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் அதே கட்டைவிரல், அதே வீக்கம். அம்மாவுக்கு அவனைப் பார்த்ததும் பாதி தைரியம் வந்துவிட்டது. “சின்னப் பசங்களுக்கும் வருமாப்பா?” என்று அவனிடமே விசாரித்தார். உண்மையில் இது அதிகம் வருவதே டீன் ஏஜிலும் இருபதுகளிலும் இருப்பவர்களுக்குத்தான். வியர்க்கும் பாதம், இறுக்கமான ஷூ, பந்தை உதைக்கும்போது விரலில் படும் அடி எல்லாம் காரணம்.

டாக்டர் அம்மாவின் வயதுக்காரர். பெண். முதலில் அம்மாவின் விரலைத் தொடவே இல்லை. ஒரு பேப்பரில் நகத்தை வரைந்து காட்டினார்.

நகம் என்பது தோலுக்கு அடியில் இருக்கும் நக வேரிலிருந்து முன்னோக்கித் தள்ளப்படுகிற ஒரு தகடு. இரு பக்கமும் சதை வரப்பு போல நிற்கும். நகத்தை நேராக வெட்டினால், அதன் முனை சதைக்கு மேலாகவே நகர்ந்து வெளியே போகும். ஓரத்தை வளைத்து உள்ளே தள்ளி வெட்டினால், பக்கத்துச் சதை அந்தக் காலி இடத்தில் பொங்கி வந்துவிடும். பின்னால் வளர்ந்து வரும் நகத்துக்கு வழி கிடையாது. அது நேராகச் சதைக்குள் போய்க் குத்தும். போதாததற்கு, பிளேடு எட்டாத ஆழத்தில் ஒரு சிறு கூர்முனை வெட்டுப்படாமல் தங்கிவிடும். அது முள் போல வேலை செய்யும்.

“காலில் முள் குத்தி உள்ளேயே இருந்தா உடம்பு என்ன செய்யும்? வீங்கும், சிவக்கும், சீழ் வைக்கும். இங்க முள் உங்க நகமேதான்” என்றார் டாக்டர். அந்த மாதுளை முத்து போன்ற சதையும் அதன் விளைவுதானாம். ஆறாத புண்ணை மூட உடம்பு அவசரமாக வளர்க்கும் சதை அது. தொட்டாலே ரத்தம் வரும்.

ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டால் சரியாகாதா என்று கேட்டேன். “மாத்திரை கிருமியைக் கொல்லும். முள்ளை யார் எடுக்கிறது?” என்றார். ‘வி’ வெட்டைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். நகம் வளர்வது பின்னால் இருக்கும் வேரிலிருந்து. முன்னால் நடுவில் வெட்டினால் அந்தப் பள்ளத்தை மூட ஓரங்கள் உள்நோக்கி நகராது. வெட்டிய பள்ளம் அப்படியே முன்னால் நகர்ந்து வெளியே போகும், அவ்வளவுதான்.

பிறகுதான் அம்மாவின் இரண்டு பாதங்களையும் கையில் எடுத்துப் பார்த்தார். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, “தெரியுதாம்மா?” என்று கேட்டார். பாதத்தில் நாடித் துடிப்பு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். சர்க்கரை நோயாளிகளுக்கு இது இரண்டும் முக்கியம். நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் புண் ஆனதே தெரியாது. ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் ஆன புண் ஆறாது. தாத்தாவுக்கு இரண்டும் இருந்திருக்க வேண்டும்.

“உங்களுக்கு வலிக்குதுன்னு சொல்றீங்க பாருங்க, அது நல்ல செய்தி. நரம்பு வேலை செய்யுது” என்றார் டாக்டர். இரண்டு மாதமாகத் தன்னை வதைத்த வலியை நல்ல செய்தி என்று ஒருவர் சொன்னதும் அம்மாவின் கண் கலங்கிவிட்டது. “அப்போ விரலை எடுக்க வேண்டாமா டாக்டரம்மா?” என்று கேட்டார்.

“விரலை எதுக்கு எடுக்கணும்? நகத்தோட ஒரு ஓரத்தை மட்டும் எடுத்தா போதும்.”

அரை மணி நேரத்துக்குள்

சர்க்கரை அளவைப் பார்த்து, மருந்தைக் கொஞ்சம் மாற்றி, அடுத்த வாரம் தேதி கொடுத்தார்கள். அம்மா அன்று காலையில் சாமி விளக்கு ஏற்றிவிட்டு, யாரிடமோ விடைபெறுவது போல வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

வலித்தது ஊசி மட்டும்தானாம். விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஊசி போடுவார்கள். ஒரு நிமிடம் சுரீரென்று இருக்கும். பிறகு விரல் இருப்பதே தெரியாது. அடியில் ரப்பர் பட்டை போட்டு ரத்தத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, சதைக்குள் போன நகத்தின் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் வெட்டி, வேரோடு உருவுவார்கள். அந்த ஓரம் மறுபடி முளைக்காமல் இருக்க வேர்ப் பகுதியில் ஃபீனால் என்ற ரசாயனத்தைத் தடவுவார்கள். முன்பெல்லாம் முழு நகத்தையும் பிடுங்கிவிடுவது வழக்கம். நகம் திரும்ப முளைக்கும்போது மறுபடியும் சதைக்குள் போவதும் நடக்கும். ஓரத்தை மட்டும் எடுத்து வேரை அடைத்துவிட்டால் அப்படித் திரும்ப வரும் வாய்ப்பு நன்றாகவே குறைகிறது.

அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வெளியே வந்த அம்மா, “இவ்ளோதானா? இதுக்கா ரெண்டு மாசம் செத்தேன்?” என்றார். எடுத்த நகத் துண்டைக் காட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார். “ஒரு அரிசி அளவுகூட அகலம் இல்லடி. ஆனா நீளம் பாரு, விரலுக்குள்ள எவ்ளோ தூரம் போயிருக்கு.”

நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டும் நிலைக்கு விடக் கூடாது என்று நாம் சொல்வதுண்டு. எனக்கு அன்று தாத்தாவின் ஞாபகம்தான் வந்தது.

ஒரு ஸ்டூலின் கதை

இரண்டு நாள் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். மூன்று வாரம் வரை லேசாக நீர் கசிந்தது. ஃபீனால் வைத்தால் அது இயல்பு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கட்டு மாற்றுவது என் வேலை. அம்மாவின் பாதத்தை அவ்வளவு நேரம் நான் கையில் வைத்திருந்தது அதுவே முதல் தடவை. குதிகால் முழுக்க வெடிப்பு. சுண்டுவிரலில் காய்ப்பு. கணுக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரிந்தது. எத்தனை ஆயிரம் புடவைகளை விரித்துக் காட்ட அந்தக் கால்கள் நின்றிருக்கும்!

கடைக்குத் திரும்பும்போதுதான் அடுத்த சிக்கல். கட் ஷூ போடக் கூடாது, விரல் திறந்திருக்கும் செருப்புதான் போட வேண்டும், இடையிடையே உட்கார வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அம்மா அந்தச் சீட்டை சூப்பர்வைசரிடம் நீட்டத் தயங்கினார்.

தயங்கத் தேவையில்லை என்பதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. கேரளத்தில் ஜவுளிக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டு வருடக்கணக்கில் போராடினார்கள். கோழிக்கோட்டில் ‘பெண்கூட்டு’ அமைப்பைத் தொடங்கிய விஜி அதில் முன்னின்றவர். 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்தது. கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதுதான் அதன் சாரம். நான் அந்தச் செய்தியை மொபைலில் எடுத்துக் காட்டியபோது அம்மா கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். “இது எங்களுக்கா?” என்று கேட்டார்.

டாக்டர் சீட்டை மறுநாள் கொடுத்தார். சூப்பர்வைசர் முகம் சுளித்தாராம். ஆனால் செருப்புக்குச் சரி என்றார். புடவைப் பிரிவின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. அம்மாவுக்காக வந்த அந்த ஸ்டூலில் இப்போது எட்டுப் பேர் முறை வைத்து உட்காருகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இருந்தால்...

டாக்டர் சொன்னதையும், அதன் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறேன்.

* கால் நகத்தைக் குறுக்காக நேராக வெட்டுங்கள். விரல் நுனியோடு ஒட்ட வெட்டாமல் சிறிது விட்டு வெட்டுங்கள். ஓரம் கூராக இருந்தால் அரத்தால் லேசாகத் தேய்த்தால் போதும். குளித்த பிறகு நகம் மென்மையாக இருக்கும்போது, பிளேடைத் தூர வைத்துவிட்டு நகவெட்டியை எடுங்கள்.

* ஷூ வாங்கும்போது முன்பகுதியில் விரல்கள் விரிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மாலையில் போய் வாங்குவது நல்லது. பாதம் சற்று உப்பியிருக்கும் நேரம் அது. வளரும் பிள்ளைகளின் ஸ்கூல் ஷூவையும் அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். ஷூ சின்னதாகிவிட்டதை எல்லாப் பிள்ளைகளும் சொல்வதில்லை.

* ஆரம்பத்திலேயே, லேசான வலியும் சிவப்பும் மட்டும் இருந்தால், வெதுவெதுப்பான நீரில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, 10 முதல் 20 நிமிடம் காலை வைத்து, ஈரம் போகத் துடையுங்கள். நகத்தின் ஓரத்தை மெதுவாகத் தூக்கி அடியில் சுத்தமான பஞ்சின் சிறு திரியை வைக்கலாம். பஞ்சைத் தினமும் மாற்ற வேண்டும். திறந்த செருப்பு போடுங்கள். ஓரத்தைத் தோண்டாதீர்கள்.

* சீழ், துர்நாற்றம், நகத்தின் மேல் ஏறும் சதை, மேல்நோக்கிப் பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சில நாள் கவனித்தும் குறையவில்லை என்றாலும் அப்படியே.

* சர்க்கரை நோய், காலில் ரத்த ஓட்டக் குறைவு அல்லது உணர்வுக் குறைவு இருப்பவர்கள் மேலே சொன்ன பஞ்சு வைத்தியத்தைக்கூட முயற்சி செய்ய வேண்டாம். முதல் நாளே டாக்டரிடம் போங்கள். சுடுநீரில் கால் வைப்பதும் ஆபத்து. சூடு தெரியாமல் வெந்துபோன பாதங்கள் உண்டு. தினமும் ஒரு தடவை பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் இருக்கும் யாராவது பார்க்கட்டும்.

வலி போனதும் எல்லாம் முடிந்ததாக நினைக்க வேண்டாம். கால் நகம் மிக மெதுவாக வளரும். மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான். கட்டைவிரல் நகம் முழுதாகப் புதிதாக வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அம்மா போட்ட அந்த ‘வி’ வெட்டு சில மாதங்களில் நுனிக்கு வந்து, ஒரு வியாழக்கிழமை காலை நகவெட்டியோடு போய்விட்டது. ஆமாம், இப்போது நகம் வெட்டும் நாள் வியாழன். வெள்ளிக்கிழமைக்கும் பங்கமில்லை, விரலுக்கும் பங்கமில்லை.

போன வாரம் கடையில் சாப்பாட்டு நேரத்தில் நடந்ததை அம்மா சொன்னார். டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு, கூட வேலை பார்க்கும் பெண்கள் ஒவ்வொருவராக ஷூவைக் கழற்றி அம்மாவிடம் காலை நீட்டியிருக்கிறார்கள். ‘வி’ வீடியோ அனுப்பிய அக்காவும் அதில் ஒருவர். இரண்டு பேருக்கு நகம் சதைக்குள் போயிருந்தது. அதில் 19 வயதுப் பெண் ஒருத்திக்குச் சீழே வைத்துவிட்டது. வீட்டில் சொன்னால் வேலைக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவிடுவார்கள் என்று மறைத்து வைத்திருந்தாளாம்.

வரும் வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு விடுமுறை. அந்தப் பெண்ணைத் தானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.